அசையாத மீன்கள்

"அவகிட்ட சொல்லுடா, இன்னைக்கும் மீன் துண்டுல ரத்தப் புள்ளின்னு."

நாத்தனார் இதைச் சொன்னது தன் தம்பியிடம். அந்த 'அவள்' சாப்பாட்டு மேசையில் நேர் எதிரே, கை நீட்டினால் தொட்டுவிடும் தூரத்தில், தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தம்பி வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு மனைவி பக்கம் திரும்பினான்.

"ரத்தப் புள்ளியாம்."

"காதுல விழுந்துச்சு. அண்ணிகிட்ட சொல்லுங்க, மெஷின்காரர் சொன்ன அளவுலதான் கரண்டை வெச்சிருக்கேன்."

"மெஷின்காரர் சொன்ன அளவாம்க்கா."

"மெஷின்காரரா வந்து துண்டு போடுறார்? நான்ல போடுறேன். நடுமுள்ளு முறிஞ்சு கிடக்கு, அதைச் சுத்தி ரத்தம் கட்டி நிக்குது. அதை வெட்டி எடுத்தா மீன்ல பாதி போயிடுது. என்ன பண்ணட்டும்னு கேளு."

"நான் என்ன தபால்காரனா?" என்றான் அவன். "நாளையிலேர்ந்து ரெண்டு பேரும் ஸ்டாம்பு ஒட்டிக் குடுங்க. சும்மா எல்லாம் கொண்டு போக முடியாது."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இப்படித்தான். தாய் போன பிறகு தம்பியை வளர்த்தவள் அக்கா. அவனுக்கென்று ஒரு பெண்ணைப் பார்த்து, பேசி, வாக்கும் கொடுத்திருந்தாள். அவனோ தானாக ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றான். நாத்தனார் சண்டை போடவில்லை. உள்ளே வரச் சொன்னாள். அறை ஒழித்துக் கொடுத்தாள். தான் வேலை பார்க்கும் மீன் பண்ணையிலேயே வேலையும் வாங்கிக் கொடுத்தாள். பேச்சை மட்டும் கொடுக்கவில்லை. ஒருமுறை தம்பி மனைவியான இவள் காய்ச்சலில் கிடந்தபோது, தலைமாட்டில் மாத்திரையும் வெந்நீரும் வைத்துவிட்டு, "போட்டுக்கிட்டு படுக்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போனாள். அப்போது வீட்டில் தம்பி இல்லை. சொன்னது சுவரிடம்.

சண்டைக்காரியாக இருந்திருந்தால் இவளும் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டு ஆறியிருப்பாள். இத்தனை செய்துவிட்டு வாயை மட்டும் திறக்காத மனுஷியை என்ன செய்வது? என்றாவது ஒரு நாள் தன் முகத்தைப் பார்த்து அண்ணி ஒரு வார்த்தை பேசிவிட மாட்டாளா என்பதுதான் இவளுடைய ஏக்கமாக இருந்தது. யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாத ஏக்கம். கேட்டால் சிரிப்பார்கள்.

பண்ணையில் இவளுக்குக் 'கரண்டக்கா' என்று பெயர். கூண்டுகளிலிருந்து மீன் தண்ணீரோடு குழாய் வழியாக வந்து, ஈரமான ஒரு நீள மேசையில் விழும். மேசையில் கரண்ட் பாயும். மீன் நினைவு தப்பிக் கிடக்கும். அடுத்து பெல்ட்டில் போய், செவுள் வெட்டுகிறவரிடம் சேரும். அவர் வெட்டித் தொட்டியில் விட்டால் ரத்தம் வடியும். பிறகு ஐஸ், அதன் பிறகு நாத்தனாரின் கத்தி. மேசையும், கரண்டைக் கூட்டிக் குறைக்கும் அதன் திருகும்தான் இவள் பொறுப்பு.

மெஷின் வருவதற்கு முன்பு மீனை அப்படியே ஐஸில் கொட்டிவிடுவார்கள். அது வாயைப் பிளந்து பிளந்து, அடங்க நேரமாகும். பெரிய வியாபாரி ஒருவர், மீன் துடிக்காமல் சாக வேண்டும், இல்லாவிட்டால் வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டதால் முதலாளி மெஷின் வாங்கினார். இந்த வேலை கிடைத்த அன்று இவள் கணவனிடம் சொன்னாள், "வலி தெரியாம அனுப்பி வைக்கிற வேலைங்க. கொல்ற இடத்துலயே நல்ல வேலை இதுதான்."

மெஷின் பொருத்த வந்தவர் திருகைக் காட்டிச் சொல்லிக் கொடுத்திருந்தார்.

"கரண்ட் கூடிப்போச்சுன்னா மீன் வெடுக்குனு இழுத்துக்கும், நடுமுள்ளு முறியும். துண்டுல ரத்தம் கட்டும். குறைஞ்சுபோச்சுன்னா அது வேற மாதிரி. மீன் அசையாது. ஆனா நினைவு இருக்கும். கை கால் கட்டிப் போட்ட மாதிரி."

"மீனுக்கு ஏது சார் கை கால்?"

"பேச்சுக்குச் சொல்றேம்மா. அசையலைன்னு நம்பிடாதீங்க. கண்ணைப் பாருங்க."

ஒரு மீனை எடுத்து அவர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துக் காட்டினார். நினைவு உள்ள மீனின் உடம்பைச் சாய்த்தால், கண் மட்டும் உடம்போடு சாயாமல் எதிர்ப்பக்கம் உருண்டு தன் நிலையைப் பிடித்துக்கொள்ளப் பார்க்கும். நினைவு போன மீனின் கண் பொம்மைக்குப் பொருத்திய கண். உடம்பு போகிற பக்கமே போகும். ஒவ்வொரு தடவை மீன் இறங்கும்போதும் ஒன்றை எடுத்து இப்படிப் பார்க்க வேண்டும்.

ஆரம்பத்தில் பார்த்தாள். தவறாமல் பார்த்தாள்.

அந்தச் சாப்பாட்டுக்கு மறுநாள் காலையில், மேசையை ஓடவிடுவதற்கு முன்னால், இவள் திருகைக் கொஞ்சம் இடப்பக்கம், கரண்ட் குறைகிற பக்கம், நகர்த்தினாள். கொஞ்சம்தான். மீன் வந்து விழுந்தது, ஒரு சிலிர்ப்பு, அடங்கிவிட்டது. பெல்ட்டின் அந்தக் கோடியில் செவுள் வெட்டுகிறவர் பாட்டை நிறுத்திவிட்டு, "கரண்டக்கா, சீக்கிரம் விடுங்க, கை காயுது" என்று குரல் கொடுத்தார். வேலை நேரம் முழுவதும் பாடிக்கொண்டே இருப்பார் என்பதால் அவருக்குப் பாட்டுக்காரர் என்று பெயர். ஒரு மீனைச் சாய்த்துப் பார்க்க இவள் கை போனது. அதற்குள் அடுத்த தொகுதி குழாயில் வந்துவிட்டது. அசையாமல்தானே கிடக்கிறது என்று விட்டுவிட்டாள்.

மதியம் துண்டு போடும் அறையின் பிளாஸ்டிக் திரையை விலக்கிக்கொண்டு நாத்தனார் வந்தாள். கையில் ஒரு டிரே. அதில் முள்ளெடுத்த துண்டுகள், ஒரு பொட்டு இல்லாமல், கண்ணாடி மாதிரி. சுற்றுமுற்றும் தூது போக ஆள் யாரும் இல்லை. இருந்திருந்தாலும் தேடியிருப்பாளா என்பது சந்தேகம்.

"இங்க பாரு" என்றாள் நாத்தனார். "எவ்வளவு சுத்தமா வந்திருக்கு பாரு. நல்லா பண்ணியிருக்கம்மா."

இவள் டிரேயைப் பார்க்கவில்லை. அந்த முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் தம்பி கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தபோது, இரண்டு பெண்களும் அவனைத் தாண்டி நேருக்கு நேர் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"இவன் பெரிய பையனாகிற வரைக்கும் படுக்கையை நனைப்பான், தெரியுமா உனக்கு? காலையில எழுந்து தண்ணிச் சொம்பு கொட்டிடுச்சும்பான்."

"இப்பவும் எதுக்கெடுத்தாலும் சொம்பு மேலதான் பழி, அண்ணி."

"அட, என்னதான் நடக்குது இங்க?" என்றான் அவன். "தபால் ஆபீஸை மூடிட்டீங்களா? என் பிழைப்பு போச்சே."

"உனக்கு யாரு சோறு போடுறதுன்னு பார்த்துப் பேசு" என்றாள் அக்கா. மேசையில் மூன்று பேரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் அப்படி ஒரு சத்தம் எழுந்து வெகு காலமாகியிருந்தது.

இப்படியே நாட்கள் நன்றாகப் போயின. கடைக்குச் சேர்ந்து போனார்கள். தலை சீவிவிட உட்காரச் சொன்னாள் நாத்தனார். தம்பிக்காகத் தான் பார்த்து வைத்திருந்த அந்தப் பெண்ணைப் பற்றிக்கூட ஒரு நாள் பேச்சு வந்தது. "அவ வந்திருந்தா என்னைத் துரத்தியிருப்பா. நீ பரவாயில்ல" என்றாள். இவள் அதைக் கணவனிடம் வந்து மூன்று விதமாகச் சொல்லிக் காட்டினாள்.

அப்புறம் ஒரு நாள் பெல்ட் நின்றது. ஏதோ சக்கரப் பல் சிக்கிக்கொண்டது. பாட்டுக்காரர் ஓடிப்போய் ஆளைக் கூட்டி வருவதற்குள், மேசையில் மீன்கள் வரிசையாகக் கிடந்தன. வழக்கமாக வந்ததும் போய்விடும். அன்று போகவில்லை. இவள் சும்மா நின்றதால் ஒன்றை எடுத்துக் கையில் வைத்தாள். ஏனோ சாய்த்தாள்.

கண் சாயவில்லை. உடம்பு இந்தப் பக்கம் போக, கண் மெல்ல அந்தப் பக்கம் உருண்டது. மறுபக்கம் சாய்த்தாள். அப்போதும் உருண்டது. உடம்பில் வேறு ஓர் அசைவும் இல்லை. வாலும் அசையவில்லை, செவுள் மூடியும் அசையவில்லை. கண் மட்டும் தன் நிலையைத் தேடிக்கொண்டிருந்தது.

வேறு ஒன்றை எடுத்தாள். அதுவும் அப்படியே. இன்னொன்று, இன்னொன்று. அதற்குள் ஒன்றிரண்டின் செவுள் மூடிகள் மெதுவாகத் திறந்து மூட ஆரம்பித்தன. மெஷின்காரர் சொன்னதில் 'அசையாது' என்பதை மட்டும் தான் காதில் வாங்கிக்கொண்டது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

இத்தனை நாளும். அத்தனை மீனும். நினைவோடு கிடந்து, நினைவோடு போய், செவுளில் கத்தி விழும் வரைக்கும் அசைய முடியாமல்.

மறுநாள் காலை முதல் வேலையாகத் திருகைப் பழைய இடத்துக்கே கொண்டு போனாள். ஒவ்வொரு தடவையும் கண்ணைப் பார்த்தாள். பொம்மைக் கண். நெஞ்சு கொஞ்சம் ஆறியது. மதியம் திரை விலகியது. நாத்தனார் டிரேயோடு வந்தாள். துண்டுகளில் அங்கங்கே செம்புள்ளி.

திட்டு விழும் என்று நின்றாள் இவள். திட்டியிருந்தால் எல்லாம் சரியாகப் போயிருக்கும். பதிலுக்கு நடந்ததைச் சொல்லியிருப்பாள். ஆனால் நாத்தனார் டிரேயைக் கீழே வைத்துவிட்டு, கையுறையைக் கழற்றி, புறங்கையால் இவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"உடம்பு சரியில்லையா உனக்கு? காலையிலேயே முகம் வாடியிருந்துச்சு. பரவாயில்ல விடு, ஒரு நாள் அப்படித்தான். போய் கொஞ்சம் உக்காரு."

இவள் உட்காரவில்லை. நாத்தனார் போனதும் திருகை மறுபடி இடப்பக்கம் நகர்த்தினாள்.

அன்றிலிருந்து கண்ணைப் பார்ப்பதையே விட்டுவிட்டாள். மேசையைப் பார்க்காமல் மீட்டரைப் பார்க்கப் பழகினாள். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தாள். சாயங்காலம் அண்ணி, "வா, டீ குடிக்கலாம்" என்பாள். அதற்கு மேல் வாய் வராது.

கொஞ்ச நாளில் பெல்ட்டின் அந்தக் கோடியில் பாட்டு நின்றிருப்பதைக் கவனித்தாள். எப்போது நின்றது என்று தெரியவில்லை. ஒரு நாள் வேலை முடிந்து மேசையைக் கழுவிக்கொண்டிருந்தபோது பாட்டுக்காரர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

"கரண்டக்கா, என்னை ஐஸ் பக்கம் மாத்திவிடச் சொல்லுங்க."

"ஏன், தொண்டை கட்டிக்கிச்சா?"

"விளையாட்டு இல்லக்கா. வெட்டித் தொட்டியில விடுறேன், உள்ள போனதும் முழிச்சுக்குதுங்க. ரத்தத்துலயே சுத்திச் சுத்தி வருதுங்க. சாகிறதை நான் பார்க்காதவன் இல்ல. இப்படிப் பார்த்ததில்ல."

இவள் குழாயை மூடினாள். "எத்தனை நாளா?"

"ரொம்ப நாளாவே. பெரியக்காகிட்ட அப்பவே சொன்னேனே. பார்க்கலாம்னாங்க. உங்ககிட்ட சொல்லிக்க வேணாம்னாங்க."

"யாரு, எங்க அண்ணியா?"

"ஆமா. நீங்க வருத்தப்படுவீங்களாம்."

கத்தி கழுவும் தொட்டி துண்டு போடும் அறைக்குப் பின்னால் இருந்தது. எல்லாரும் போய்விட்டார்கள். நாத்தனார் மட்டும் முழங்கை வரை சோப்பு நுரையோடு நின்றுகொண்டிருந்தாள்.

"பாட்டுக்காரர் உங்ககிட்ட சொன்னாராமே."

நாத்தனார் திரும்பவில்லை. "சொன்னார்."

"சொல்லியும் சும்மா இருந்தீங்களா?"

"அவர் சொல்றதுக்கு முன்னாடியே தெரியும். ஐஸ்லேர்ந்து வரும்போதே கட்டை மாதிரி விறைச்சு வருது. துடிச்சுச் செத்த மீனுதான் அவ்வளவு சீக்கிரம் விறைக்கும். ஐஸ்ல கொட்டிக் கொன்ன காலத்துல இப்படித்தான் வரும். முள்ளை உருவினா கூடவே சதை பிளக்குது. பிளந்ததையெல்லாம் அரைக்கிற டிரேயில போட்டு மூடிட்டேன். மத்தது வெள்ளையா இருந்துச்சு. யாரும் கேக்கல."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே அண்ணி."

"எப்படிச் சொல்றது?" என்றாள் நாத்தனார். இப்போது திரும்பினாள். "நீ வந்த நாளா உன்னைக் குறை சொல்லாத நாள் உண்டா? அதையும் நேரா சொல்லாம, அவன்கிட்டயும் சுவத்துகிட்டயும். இப்பதான் நாலு நல்ல வார்த்தை சொல்ல ஆரம்பிச்சேன். மறுபடியும் போய் இது நொட்டை அது நொள்ளைன்னு நிக்க மனசு வரல." கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டாள், "உனக்குத் தெரியாதுன்னுதான் நினைச்சேன். எப்பத் தெரியும்?"

"பெல்ட் நின்ன அன்னைக்கு."

"அன்னைக்கேவா?"

"மறுநாள் ஏத்தி வெச்சேன். நீங்க டிரேயோட வந்தீங்க. திட்டுவீங்கன்னு பார்த்தேன். உடம்பு சரியில்லையான்னு நெத்தியைத் தொட்டீங்க."

"அதுக்காகவா மறுபடி குறைச்ச?"

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. நாத்தனார் கையைத் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடி துடைத்தாள்.

"நல்லா இருக்கு போ. உன் முகம் வாடக் கூடாதுன்னு நான். என் முகம் வாடக் கூடாதுன்னு நீ. நடுவுல அதுங்க கிடந்து சாகுதுங்க."

மறுநாள் மேசை ஓடத் தொடங்கும்போது நாத்தனாரும் வந்து பக்கத்தில் நின்றாள். "ஏத்து" என்றாள். இவள் ஏற்றினாள். மீன் விழுந்தது. வெடுக்கென்று இழுத்துக்கொண்டு அடங்கியது. நாத்தனார் தானே ஒன்றை எடுத்து, இவள் சொன்னபடி சாய்த்தாள். கண் உடம்போடு சேர்ந்து சாய்ந்தது.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான் அண்ணி."

"இதைப் பார்க்க நேரமே ஆகலையே."

"ஆகாது" என்றாள் இவள்.

நடந்ததை முதலாளியிடம் இருவருமாகப் போய்ச் சொன்னார்கள். அவர் கத்தவில்லை. மெஷின்காரரைப் போனில் பிடித்தார். நினைவும் போக வேண்டும், முள்ளும் முறியக் கூடாது என்றால் அதற்கு வேறு விதமாகக் கரண்ட் கொடுக்கும் பெட்டி ஒன்று இருக்கிறது, கொண்டு வந்து மாட்டலாம், அதுவரைக்கும் புள்ளி விழத்தான் செய்யும், வெட்டி எடுங்கள் என்றார் மெஷின்காரர். "முதல்லயே கூப்பிட்டிருக்கலாமேம்மா, ஒரு போன்தானே" என்று இவளிடமும் சொன்னார்.

வீட்டில் பேச்சு நின்றுபோகவில்லை. "சாப்பிட்டியா?" உண்டு. "தண்ணி வந்துச்சா?" உண்டு. ஆனால் பேசும்போது இருவரும் வேறு எதையாவது பார்த்துக்கொண்டார்கள். தம்பிதான் ஒன்றும் புரியாமல், "மறுபடி தபால் ஆபீஸ் திறக்கணுமா?" என்று கேட்டுவிட்டு, யாரும் சிரிக்காததால் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனான்.

வியாபாரியின் ஆள் அந்த வாரக் கடைசியில் சரக்கு எடுக்க வந்தார். குளிர் அறையில் இரண்டு விதமான பெட்டிகளும் இருந்தன. குறைந்த கரண்டில் போன கடைசி நாளின் மீன் ஒரு பக்கம், ஏற்றி வைத்த பிறகு வந்தது மறுபக்கம். நாத்தனார் மூடியைத் திறக்க, இவள் விளக்கைப் பிடித்தாள்.

அவர் முதல் பெட்டியிலிருந்து ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். விரலால் தடவினார்.

"ஆகா. கொஞ்ச நாளா உங்க சரக்குதான் பேச்சே. ஒரு பொட்டு ரத்தம் இல்ல பாருங்க. மீன் நிம்மதியா போயிருக்கு. சதையைப் பார்த்தாலே சொல்லிடுவேன் நான்."

"இல்ல சார்" என்றாள் நாத்தனார்.

"என்ன இல்ல?"

"அது நிம்மதியா போன மீன் இல்ல."

அவர் சிரித்தார். "நல்லதைச் சொன்னா ஒத்துக்க மாட்டீங்களே. அடக்கம் ஜாஸ்தி உங்களுக்கு." பெட்டியின் மேல் முதல் தரத்துக்கான பச்சை ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு அடுத்த பக்கம் போனார். அங்கே எடுத்த துண்டில், நடுமுள் இருந்த இடத்தை ஒட்டி இரண்டு செம்புள்ளிகள். முகத்தைச் சுளித்தார். "ச்சே, பாவம். இது ரொம்ப கஷ்டப்பட்டிருக்கு."

"அதுக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது சார்" என்றாள் இவள். "கண்ணைப் பார்த்துட்டுத்தான் விட்டேன். கஷ்டப்பட்டது நீங்க மொதல்ல எடுத்துப் பார்த்தீங்களே, அது. கரண்டைக் குறைச்சு வெச்சது நான்தான்."

அவர் இவளையும் நாத்தனாரையும் மாறி மாறிப் பார்த்தார். வெளியே லாரி ஹாரன் அடித்தது. "சரி சரி, அதையெல்லாம் முதலாளிகிட்ட பேசிக்கிறேன். பச்சையை முதல்ல ஏத்துங்க, ஐஸ் உருகுது."

நாத்தனார் பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். இவள் மறுபக்கம் போய்ப் பிடித்தாள். கனமாக இருந்தது. இரண்டு பேரும் கதவு வரை தூக்கிக்கொண்டு போனார்கள். லாரியில் நின்றவன் குனிந்து வாங்கி உள்ளே தள்ளினான். அடுத்த பெட்டிக்குத் திரும்பி நடந்தார்கள்.